புல்லில் பன்னிரண்டடி

“இந்தக் கால் எப்படித் தாங்குச்சுன்னே எனக்குப் புரியலை, மாவிஸ்.”

வாலில் மணல் மூட்டைகளைக் கட்டியிருந்ததால் சின்ன விமானம் மூக்கைத் தூக்கியபடி நின்றது. அதன் அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக் ஆர்லின், முன்சக்கரத்தின் எஃகுக் காலில் சிவப்பு மையைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தூவினார். விரிசல் ரத்தக்கோடாக எழுந்து வந்தது. அது அந்தக் காலை முக்கால்வாசி சுற்றி வளைத்திருந்தது.

மாவிஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் கணவர் விர்ஜிலும் தங்கள் கொட்டகையிலேயே பதினோரு வருடம் உழைத்துக் கட்டிய விமானம். முன்சக்கரம் நடுங்குகிறது, காலை மாற்றிவிடலாம் என்று அவள் போன மாதமே சொன்னாளாம். புதுக்கால் வந்து சேர்ந்தும், சோளம் அறுத்து முடியட்டும் என்று விர்ஜில் தள்ளிப்போட்டாராம்.

ஆர்லின் எழுந்து புல்வெளி ஓடுபாதைக்குப் போனார். சனிக்கிழமை இறங்கிய தடம் இன்னும் அழியவில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் பாதை நெடுக உருண்டிருந்தன. முன்சக்கரத்தின் கோடு மட்டும் கடைசியில், விமானம் நின்ற இடத்துக்குச் சற்று முன்புதான் தொடங்கியது. அந்தக் கோட்டைக் காலடி வைத்து அளந்தார். பன்னிரண்டடி. வேகம் குறையுமுன் முன்சக்கரம் தரையைத் தொட்டிருந்தால் கால் மடங்கி, விமானம் குப்புறக் கவிழ்ந்திருக்கும். நாற்பது வருடத் தொழிலில் அவர் இப்படி ஒரு தடத்தைக் கண்டதில்லை. தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

திரும்பி வந்து வேலையைப் பார்த்தார். பழைய காலை உருவி, புதியதைப் பொருத்தி, போல்ட்டை அளவு பார்த்து முறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஆஸ்பத்திரியில விர்ஜிலைப் பார்க்க விடுவாங்களா? அந்தக் கையை ஒரு தடவை குலுக்கணும். இப்படி இறக்கிட்டு வந்தா யாருக்குத்தான் நெஞ்சு வலிக்காது?”

மாவிஸ் விளக்கை அணைத்தாள்.

“நெஞ்சுவலி இறங்கின பிறகு வரலை, ஆர்லின். மேலே பறக்கும்போதே வந்துடுச்சு. அப்படியே என் தோள்ல மயங்கிச் சாஞ்சுட்டார். முன்கால் தாங்காதுங்கிறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அது தரையில படக்கூடாதுன்னு இழுத்துப் பிடிச்சிட்டே இருந்தேன். பறக்கும்போது விமானம் ஓட்டுற கைப்பிடியை நான் தொட்டது அன்னைக்குத்தான் முதல் தடவை.”