மூன்று மாதம் கழித்து

பால்வினை நோய்ப் பரிசோதனை அறையில் எலக்ட்ரீஷியன் வந்து உட்கார்ந்ததுமே, நர்ஸ் அவர் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தாள். தலை நரைத்தும் ஆள் அடங்கவில்லை என்று அவள் நினைப்பது அவருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் ரிசல்ட் வந்தது.

"இந்தத் தடவையும் ஒண்ணுமில்லண்ணே. ஒழுங்கா உறை போடுறீங்கபோல! இனிமே வருஷத்துக்கு ஒருதரம் வந்தா போதும்."

அவர் முகம் தொங்கிப்போனது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"இல்ல சிஸ்டர்... போன மாசம் ஒரு தடவை போடல."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே! அப்படி என்ன அவசரம்? ஒட்டிக்க ஒரு தடவை போதும். உடனே டெஸ்ட்லயும் தெரியாது. மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வரணும். வீட்டுல திட்ட ஆளில்லாத தைரியமா?"

"கண்டிப்பா வரேன் சிஸ்டர்."

அவள் கொடுத்த உறைப் பாக்கெட்டை வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தார். இதற்குமுன் அவள் கொடுத்தவையும் பிரிக்கப்படாமல் அங்கேயே கிடந்தன.

முழங்கையில் பஞ்சு ஒட்டிய இடத்தை மெல்லத் தடவிக்கொண்டார். மனைவி இறந்தபிறகு அவரைத் தொட்டதும் திட்டியதும் அந்த நர்ஸ் ஒருத்திதான்.