தொட்டியோரக் குழாய்

தரைக்கடியில் ஏதோ உறுமுகிறது. வெந்நீர் வாளியோடு வந்த கண்ணாயி குளியலறை வாசலிலேயே நின்றுவிடுகிறாள். எஸ்டேட் பங்களாவின் வெள்ளைத் தொட்டியோரம், அவள் தினமும் நின்று வாளி சாய்க்கும் இடத்தில், தரையிலிருந்து எழுந்து கொக்குபோல் கழுத்தை வளைத்து நிற்கிறது புதுக்குழாய். சன்னல்வழி நுழையும் மூடுபனி அதன் பளபளப்பைத் தடவித் தடவி மங்கலாக்குகிறது. "இனி வாளி தூக்க வேண்டாம் கண்ணாயக்கா, ஊட்டுல ரெஸ்ட் எடுங்க" என்று சிரித்தபடி திருகைத் திறக்கிறார் பிளம்பர் சிங்கராயர். இந்த வெந்நீர் வேலை ஒன்றுதான் அவளுக்குப் பிழைப்பு. குழாய் இருமி, கண்ணாடிக் கயிறாகத் தண்ணீரை இறக்குகிறது. தொட்டிக்குள் வெளிச்சம் நெளிகிறது. கனவில் நடப்பவள்போல் வந்து, விரலை நீட்டித் தொட்டுப் பார்க்கிறாள். வாளியின் ஆவி அவள் முகத்தை மூடி விலகுகிறது. "பச்சத்தண்ணிதானுங்க வருது. கொஞ்சம் நகருங்க, சுடுதண்ணி ஆறுது."