செல்லாத எடை

“தராசு சாஃப்ட்வேர் டெஸ்ட் ஒரு தடவ பாஸ் ஆகுது, மறு தடவ ஃபெயில் ஆகுது. இன்னிக்குள்ள சரி பண்ணலன்னா வேற வேலை தேடிக்கம்மா,” என்றார் மேனேஜர்.

புரோகிராமர் மண்டையை உடைத்துக்கொண்டு தேடினாள். வாடிக்கையாளரின் கிடங்கிலிருந்து டெஸ்டுக்கு வந்த எடைகளில் பல மைனஸில் இருந்தன.

“எடை எங்கயாவது மைனஸ்ல வருமா? தராசுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு,” என்று முணுமுணுத்தவள், மைனஸ் எடையெல்லாம் செல்லாது என்று எழுதிவிட்டாள். அதன்பின் எத்தனை தடவை ஓட்டினாலும் பாஸ்தான். அன்றே அது வாடிக்கையாளரின் தராசில் ஏறியது.

மறுநாள் வாடிக்கையாளர் போனில் பொரிந்து தள்ளினார். “நல்ல சரக்கெல்லாம் செல்லாதுன்னு உள்ளயே தங்கிடுச்சு. கழிச்சுப் போட வேண்டியதெல்லாம் லாரி ஏறிடுச்சு. நேர்ல வந்து பாரும்மா.”

போனாள். கிடங்கில் வெறும் தரைதான் இருந்தது.

“சரக்கு எங்க சார்?”

அவர் அண்ணாந்து கூரையைக் காட்டினார். அங்கே முட்டிக்கொண்டு மிதந்தன, கேஸ் அடைத்த பலூன்கள்.

“மைனஸ்ல வராததுதாம்மா ஓட்டை பலூன்.”