வாசலில் வைத்த பஞ்சு

அன்றைக்கும் யஹ்யாவின் வாசற்படியில் பஞ்சு இருந்தது. விரல் நீளத்துக்குத் திரித்த துண்டுகள். எண்ணெய் மினுமினுக்க, வரிசையாக.

கதவைத் திறந்த மனைவி ஹமீமா, திறந்த வேகத்திலேயே உள்ளே ஓடி வந்தாள்.

"இன்னைக்கும் வெச்சிருக்குங்க. மையித்துக்கு வெக்கிற மாதிரியே வெச்சிருக்கு."

செத்தவர்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றும்போது மூக்கிலும் காதிலும் வைப்பார்களே, அந்தப் பஞ்சைச் சொல்கிறாள். யஹ்யாவுக்கும் பயம்தான். வெளியே காட்டிக்கொள்கிற ஆளா அவன்?

"சும்மா கத்தாத. இது நம்ம தோணிக்கு அடைச்ச பஞ்சு."

அது இன்னும் மோசம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

இலங்கையில் லக்கலப் பக்கம் அம்பன் கங்கை ஆற்றில் அந்தத் துறைக்கு யஹ்யாவின் தோணி ஒன்றுதான். கோடையில் ஜனங்கள் நடந்தே அக்கரை போய்விடுவார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கூப்பன் அரிசி வாங்கவும் தோணி வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும் தோணி வேண்டும். அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அதைக் கரையேற்றிக் கட்டைகள் மேல் கவிழ்த்து, பாசி சுரண்டி, பலகை இடுக்குகளில் எண்ணெய்ப் பஞ்சை அடைத்து, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுவான். வாப்பா காலத்துத் தோணி. தோணி செப்பனிடுகிற ஓடாவி யாரையும் கிட்ட விடமாட்டான். "எந் தோணிக்கு நான்தான் டாக்டர்" என்று பீற்றிக்கொள்வதில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

இந்த வருஷம் குங்கிலியம் பூசுவதற்குள் பஞ்சை யாரோ பிடுங்கிவிடுகிறார்கள்.

யாரோ என்ன யாரோ? ஹவ்வா ராத்தாதான், வேறு யார் என்றது ஊர்.

போன மழையில் அவள் புருஷன் ஸெய்னுலாப்தீன், அவசரமென்று தானே தோணியைத் தள்ளிக்கொண்டு போனார். நடு ஆற்றில் தோணி தண்ணீர் நிறைந்து மூழ்கியது; தோணியை மீட்டார்கள், அவர் பிணமாகத்தான் ஒதுங்கினார். கங்கையில் இருக்கிற ஜின் இழுத்துவிட்டது என்றான் யஹ்யா. ஊரும் நம்பியது. அன்றிலிருந்து ஹவ்வா யாரோடும் பேசுவதில்லை. வெள்ளை முக்காட்டோடு மருத மரத்தடியில் உட்கார்ந்து தோணியையே பார்ப்பாள். சில நேரம் எழுந்துவந்து பலகையில் காதை வைத்து, விரலால் தட்டுவாள். "இங்கதான்" என்று ஒருநாள் முணுமுணுத்தாளாம். கேட்டவர்கள் அந்தப் பக்கம் குளிக்கப் போவதையே விட்டுவிட்டார்கள்.

பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார். யஹ்யா தோணியைச் சுற்றித் தெளித்தான். மறுநாளும் பஞ்சு வந்தது.

"ஜும்மா முடிஞ்சதும் பள்ளிவாசல்ல சொல்லிரப் போறேன். பைத்தியத்தப் பல்லேபொலையில இருக்கிற அவ தம்பி வீட்டுக்கு ஏத்தி அனுப்பட்டும்," என்றான்.

"பாவங்க. புருஷன் மவுத்தாப் போனவ."

"திங்கக்கிழமை நம்ம புள்ள அந்தத் தோணியிலதான் பள்ளிக்கூடம் போகணும். யாரு பாவம்?"



கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் பேச்சே இல்லை என்று, வெள்ளி விடியலில் யஹ்யா கவிழ்ந்த தோணிக்கு அடியில் நுழைந்து படுத்தான். ஆற்றில் மூடுபனி. உள்ளே கும்மிருட்டு, எண்ணெய் நாற்றம்.

டக். டக்.

தலைக்கு நேர் மேலே. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதிப் பார்த்தான். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

கண்ணுக்கு முன்னால் பலகை இடுக்கில் இருந்த பஞ்சு மெதுவாக மேலே நகர்ந்தது. நகர்ந்து, காணாமல் போனது. அந்த இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.

"இங்கேயும்," என்றது வெளியே ஒரு குரல்.

உதறிக்கொண்டு வெளியே வந்தான். கை நிறையப் பஞ்சோடு ஹவ்வா நின்றாள்.

"புருஷன் போன ஆத்திரத்துல என்னையும் மூழ்கடிக்கப் பாக்குறீங்களா ராத்தா? ஊரைக் கூப்பிடுறேன். எல்லாரும் வந்து பாக்கட்டும்."

"மெதுவாப் பேசுங்க தம்பி." ஹவ்வா பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். "உளி வெச்சு அடிச்ச பஞ்சு எங்கைக்கு வரல. நீங்க கட்டைவிரலால அமுக்கினது மட்டும்தான் வருது. வாசல்ல வெச்சா பாத்துட்டுத் திரும்ப அடிப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க தண்ணி தெளிக்கிறீங்க."

இடுப்புப் பிடிப்பால் குனிந்து அடிக்க முடியாமல், விரலாலேயே ஒப்பேற்றிய இடம் அது. போன வருஷமும் அப்படித்தான் ஒப்பேற்றினான். 

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, போன வருஷம் தண்ணி எப்படி ஏறிச்சுன்னு ஊரு கேக்குமே. உங்கள உசிரோட விட்டுவெப்பாங்களா? ஹமீமாவும் என்னை மாதிரி உக்காரணுமா?"

 ஹவ்வா கங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவரு ஒதுங்கிக் கிடந்தத மொதல்ல பாத்தது நான்தான் தம்பி. வலது கை இறுக்கி மூடியிருந்துச்சு. பிரிச்சேன். உள்ள தோணிப் பஞ்சு. அதக் கங்கையில வீசிட்டுத்தான் ஊரைக் கூப்பிட்டேன்."