ஒடியாத வெண்டைக்காய்

மொட்டைமாடி மேட்டுப்பாத்தியில் இலைமறைவாகவே நீண்டு வளர்ந்த வெண்டைக்காய் ஒன்று, அன்றைய விருந்துச் சாம்பாரில் மிதப்பதே தன் பிறவிப்பயன் என்றிருந்தது.

வீட்டுக்காரி கமலவேணி கூடையோடு வந்து, காய்களின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தாள். பட்டென்று ஒடிந்தவை கூடைக்குப் போயின.

"முதுகெலும்பில்லாத பயல்கள்! தொட்டதும் ஒடிகிறார்கள்," என்று வெண்டைக்காய் ஏளனம் செய்தது.

"அண்ணே, ஒடிந்தால்தான் சாம்பார்," என்றது பக்கத்துக் கத்தரிக்காய்.

"பொடிப்பயலே, வாயை மூடு. நான் ஒடிகிறேனா, பார்!"

கமலவேணி அதன் நுனியை இருமுறை வளைத்தாள். வெண்டைக்காய் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது, ஒடியவே இல்லை.

"முற்றல்," என்று அதைப் பறித்து, மூலையிலிருந்த உரத்தொட்டிக்குள் எறிந்தாள்.

அழுகிய வாழைப்பழத் தோல்மீது விழுந்த வெண்டைக்காய் நிமிர்ந்து அமர்ந்தது.

"பார்த்தாயா மரியாதையை! அந்தப் பயல்களுக்கெல்லாம் ஒரே கூடை. எனக்கு மட்டும் மெத்தையோடு தனி அறை!"