தடேயாவின் விளக்குமாறு

உச்சி வெயில். மரிபோர் நகருக்கு வெளியே எங்கள் சோதனைத் தளத்தில் ஹைட்ரஜன் விமானம் அசையாமல் நிற்கிறது. இறக்கைக்கு அடியில் மட்டும் ஏதோ உஸ்ஸென்று சீறுகிறது. புகை இல்லை, தீ இல்லை. "வெறும் கசிவுதான், போய் வால்வை மூடுய்யா" என்று மேலாளர் கிளெமென் என்னை விரட்டுகிறார். பின்னால் விருந்தினர்கள் கேமராவோடு நிற்கிறார்கள்; என் உயிரை விட அவருக்குப் படம் பெரிது. நான் நாலு எட்டு வைத்ததும் தீயணைப்புத் தலைவி தடேயா என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறாள். அவள் கையில் நீளக் காம்பு வைத்த விளக்குமாறு. படத்தில் அசிங்கமாகத் தெரியுமென்று காலையில் கிளெமென் தீயணைப்பு வண்டியிலிருந்து தூக்கி எறியச் சொன்னாரே, அதேதான். குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டு வந்திருக்கிறாள். "என்னம்மா, பெருக்கப் போறியா?" என்கிறார் அவர். விருந்தினர்கள் சிரிக்கிறார்கள். தடேயா திரும்பிப் பார்க்காமல், விளக்குமாற்றை முன்னே நீட்டியபடி அடிமேல் அடி வைத்துப் போகிறாள். என் முகம் போயிருக்க வேண்டிய உயரத்தில், வெறும் வெயிலில், அதன் நுனி குப்பென்று பற்றிக்கொள்கிறது. சிரிப்பு நின்றுபோகிறது. எரியும் விளக்குமாற்றோடு திரும்பி வந்து கிளெமெனின் வெள்ளைச் சட்டைக்கு நேரே நீட்டுகிறாள். "ஹைட்ரஜன் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? வெறும் கசிவுதானே சார்? போங்க, நீங்களே போய் மூடுங்க." கிளெமென் பின்வாங்குகிறார். நான் எண்ணுகிறேன். சரியாக நாலு எட்டு.