காணாமல் போகும் ரிலே

வங்கி மேலாளரின் காரில் ஏசி நின்றுபோனது இது மூன்றாவது முறை. மூன்று முறையும் ஒரே கோளாறு: கம்ப்ரஸருக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே, ஃபியூஸ் பெட்டியில் இல்லை.

"அது என்ன பால் பல்லா, தானா விழுறதுக்கு? இன்னொரு தடவை இந்த வண்டி திரும்பி வந்தா, நீ வீட்டுக்குப் போயிடு" என்று கத்தினார் ஒர்க்‌ஷாப் முதலாளி.

மெக்கானிக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திருடன் காரை விட்டுவிட்டு ரிலேயை மட்டுமா எடுத்துப்போவான்? புதிதாக ஒன்றை மாட்டி, "நானும் கூட வரேன் சார்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டான். டிரைவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஏசி ஜில்லென்று வந்தது. பின்சீட்டிலிருந்த மேலாளர் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். தொண்டையைக் கனைத்தார். கண்களை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

இரண்டாவது சிக்னலுக்குள் மெக்கானிக்கின் காதுகள் கெஞ்சின. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "என்னமோ சத்தம் வருது சார்" என்று இறங்கி பானெட்டைத் திறந்தார். மெக்கானிக் பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி அண்ணே, நீங்கதானா?"

"கண்ணாடி இறங்கியிருந்தா ரோட்டுல போறவங்களுக்குக் கேக்கும்னு கூச்சப்பட்டுப் பாட மாட்டாருப்பா. நானும் மனுஷன்தானே?"

உண்மையைச் சொன்னால் டிரைவருக்கு வேலை போகும்; சொல்லாவிட்டால் தனக்கு. மெக்கானிக் நேராகப் பின்கதவுக்குப் போனான்.

"சார், ஏசியில ஒரு குறையும் இல்ல. ஆனா இப்படி ஒரு குரலை வச்சுக்கிட்டு ஏசிக் காத்துல உட்காரலாமா? தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

மேலாளர் தொண்டையை மெல்லத் தடவிக்கொண்டார்.

"இதை மொதல் தடவையே சொல்லக் கூடாதாப்பா?" என்றபடி கண்ணாடியை அவரே இறக்கினார்.